பொது நாக்கு

என் நாக்கைக் கேட்டு அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

பழுப்பு உறை, உள்ளே ஒரே ஒரு தாள். சுவை ஏற்பு வாரியம் நடத்திய குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. இனி ஓர் ஆண்டுக்கு, புதிதாகத் திறக்கும் சாப்பாட்டுக் கடைகளின் பதார்த்தங்களைப் பொதுமக்கள் சார்பில் ருசித்துப் பார்த்துச் சான்று தரவேண்டிய ‘பொது நாக்கு’ நான்தான். மறுத்தால் என் தொழில் உரிமம் ரத்தாகும். மகிழ்ச்சியுடன் சம்மதித்ததற்காக வாரியம் எனக்கு முன்கூட்டியே நன்றியும் சொல்லியிருந்தது.

கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அமைதியை விரும்புகிறவர்.

“நாக்கைத்தானே கேக்கறாங்க? குடுத்துட்டு வா. ஒரு வருஷம் வீடு நிம்மதியா இருக்கும்” என்றார்.

“உங்க காதைக் கேட்டிருந்தாங்கன்னா நானும் சந்தோஷமா அனுப்பி வெச்சிருப்பேன். இங்க அது சும்மாதானே கிடக்கு.”

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தனியாக எந்த அபிப்பிராயமும் கிடையாது. பசித்தால் சாப்பிடுவேன், கையில் கிரீஸ் இருந்தால் கரண்டியால் சாப்பிடுவேன். தொழிலில் மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு. ஏறிப் பார்க்காத லிஃப்டுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன். அடியிலிருந்து உச்சிவரை மூன்று தடவை தனியாகப் போய்வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். இதனால் எனக்கு வேலை கொடுக்கிறவர்கள் என்னை வேலை மெனக்கெட்டவள் என்று சொல்வதுண்டு.

வாரிய அலுவலகம் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறினேன். நாலாவது மாடியைத் தாண்டும்போது அது ஒரு தடவை உதறியது. பிரேக் கட்டை தேய்ந்துபோயிருக்கிறது என்று என் காலுக்கே தெரிந்தது. உள்ளே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு சான்றிதழ். ‘பரிசோதிக்கப்பட்டது. முழு நலம்.’ பரிசோதித்த தேதி அடுத்த வருஷத்து மார்ச் மாதமாக இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாளிடம் சொன்னேன்.

“மேடம், உங்க லிஃப்ட் சீக்கிரமே நடுவுல நிக்கப் போகுது.”

அவர் புகார்ப் படிவம் ஒன்றை எடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள். ‘மேலே போகவில்லை.’ ‘கீழே வரவில்லை.’

“மேல போகுதா?”

“போகுது.”

“கீழ வருதா?”

“வருது.”

“அப்ப என்ன புகார்?” படிவத்தை மறுபடி மேசைக்குள் வைத்துக்கொண்டார். “நல்லா இருக்கற லிஃப்டைப் பத்தித் தப்பாப் பேசாதீங்க.”

அடுத்த அறையில் என் நாக்கை அளந்தார்கள். ஒருவர் ஸ்கேல் பிடித்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் படம் எடுத்தார். “இன்னும் நீட்டுங்க. இன்னும். போதும், போதும்” என்றார் ஸ்கேல்காரர், கொஞ்சம் பயந்துபோய். சாயந்திரத்துக்குள் அடையாள அட்டை வந்துவிட்டது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் என் நாக்கின் படம். கீழே, ‘இந்த நாக்கு பொதுமக்களுக்குச் சொந்தமானது’ என்று அச்சிட்டிருந்தது.

பயிற்சி மூன்று நாள். என்னைப் போலவே குலுக்கலில் மாட்டிய இன்னும் ஐந்து பேர் வந்திருந்தார்கள். மேசைமேல் ஆறு புட்டிகள் இருந்தன. இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், கசப்பு, துவர்ப்பு என்று ஒவ்வொன்றிலும் லேபிள்.

“உலகத்துல ருசி மொத்தம் ஆறு” என்றார் பயிற்சி அலுவலர். “ஆறுக்கும் படிவத்துல ஆறு கட்டம். கட்டத்துல அடங்காத ருசி ஏதாவது தெரிஞ்சுதுன்னா, அது நாக்கோட தப்பு.”

மற்ற ஐந்து பேரும் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, லேபிளைப் பார்த்து, அதற்கேற்ற மாதிரி முகத்தைச் சுளித்தோ மலர்த்தியோ டிக் போட்டார்கள். நானும் விட்டுக்கொண்டேன்.

“சார், ஆறும் வெறும் தண்ணி.”

“தெரியும்மா. சரக்கு வந்து நாலு வருஷமாச்சு.” அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. “லேபிள் இருக்கில்ல?”

“வாயில என்ன தெரியுதோ அதைத்தானே சார் எழுதணும்?”

“தண்ணிக்குக் கட்டம் இல்லையே.”

அந்தத் தேர்வில் நான் ஒருத்திதான் தோற்றேன். ஆனால் எனக்குப் பதில் ஆள் எடுக்க இன்னொரு குலுக்கல் நடத்த வேண்டும், குலுக்கல் உருளைக்குக் கைப்பிடி உடைந்திருந்தது. ஆகவே என்னையே அனுப்பினார்கள்.

முதல் கடை எங்கள் தெருவிலேயே இருந்தது. செருப்புக்கடை மூடிப்போன இடத்தில் ஒரு சீன உணவகம். வெளியே சிவப்புப் பலகை, உள்ளே எட்டு மேசை, இன்னும் பெயின்ட் வாசம் போகவில்லை. மாஸ்டர் சீனாக்காரர். பதினைந்து வருஷம் கப்பல் சமையல்கட்டுகளில் வேலை பார்த்துவிட்டு இங்கே கரையிறங்கி, பக்கத்துத் தெருப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். நம் பாஷையை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து வைப்பார். மிச்சத்தை அவர் மனைவி வட்டியும் முதலுமாகச் சேர்த்துப் பேசிவிடுவாள்.

“அக்கா, அறுபது நாள்தான் கெடு” என்றாள், நான் உட்காருவதற்கு முன்பே. “அதுக்குள்ள எல்லாப் பதார்த்தத்துக்கும் கையெழுத்து ஆகலைன்னா கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க. முன்ன இருந்த பொது நாக்குக்குப் பல்வலின்னு முப்பது நாள் போயிடுச்சு. இவர் கப்பல்ல சம்பாதிச்சது எல்லாம் இந்த அடுப்புலதான் இருக்கு. உங்களைத்தான் நம்பியிருக்கோம்.”

என்னுடன் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் சுவை அலுவலர். படிவமும் பேனாவும் அவருடையது. அவர் எதையும் சாப்பிடமாட்டார். நாக்கு நடுநிலை தவறிவிடும் என்பதால் வாரிய அதிகாரிகள் காய்ந்த ரொட்டியும் வெந்நீரும் தவிர வேறெதையும் வாயில் வைக்கக்கூடாது என்று விதி. இன்னொருவர் மாதிரிக் காப்பாளர், சாதுவான மனிதர். ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எவர்சில்வர் டப்பாவில் வாங்கி அலுவலகத்தில் சேர்ப்பது அவர் வேலை. டப்பா போய்ச்சேரும்போது பாதிதான் இருக்கும். அதற்கென்றே பதிவேட்டில் ‘ஆவியானது’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷமாக மாதிரிகள் ஆவியாகிக்கொண்டிருந்ததில், வாரியத்தில் காப்பாளர் ஒருவர்தான் கொஞ்சம் பூசினாற்போல இருந்தார்.

முதலில் கோழி வந்தது. இனித்தது, கூடவே புளித்தது.

“ரெண்டும் இருக்கு சார்.”

“ரெண்டு கட்டத்துல டிக் போட்டா ரெண்டு பதார்த்தம் ஆயிடும்மா.” அலுவலர் யோசித்துவிட்டு மாஸ்டரின் மனைவியிடம் திரும்பினார். “இனிப்பை ஒரு தட்டுல குடுங்க, புளிப்பை ஒரு தட்டுல குடுங்க. வாடிக்கையாளர் வாய்க்குள்ள போய்க் கலந்துக்கறது அவரோட சொந்தப் பொறுப்பு.”

அடுத்தது கறுப்பு முட்டை. சுண்ணாம்பிலும் சாம்பலிலும் மூன்று மாதம் புதைத்து வைத்ததாம். அதன் வாடையில் எனக்கு லிஃப்ட் குழியின் அடித்தரை ஞாபகம் வந்தது. உள்ளதைச் சொன்னால் முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வாயில் சண்டை கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது வாயை நானே கேட்டு வாங்கினேன். அலுவலர் அதற்குள் கோழி முட்டையிட்ட தேதிக்கு அத்தாட்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக அது வந்தது. சோயாப் பாலைத் திரித்துச் செய்த வெள்ளைக் கட்டிகள், சிவந்த எண்ணெய்க் குழம்பில். மேலே மிளகு மாதிரி, ஆனால் மிளகு இல்லாத, வாய் பிளந்த சின்னச் சின்னத் தொலி. மாஸ்டர் சமையல்கட்டுக் கதவோரம் வந்து நின்றுகொண்டு, ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துண்டில் துடைத்தபடி இருந்தார்.

ஒரு கரண்டி வாயில் போட்டேன். முதலில் சூடு, பிறகு காரம். இரண்டும் தெரிந்த ஆட்கள்தான். அதன்பிறகு உதடு அதிர ஆரம்பித்தது. ஓடுகிற மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தால் ஒரு நடுக்கம் ஏறுமே, அதே நடுக்கம் நாக்கில். நாக்கு என்னுடையது இல்லை போலவும் இருந்தது, இவ்வளவு நாளும் இல்லாத அளவுக்கு அங்கே இருப்பது போலவும் இருந்தது. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் இனித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்தோரு வயதுவரை என் வாய்க்குள்ளேயே எனக்குத் தெரியாத ஓர் அறை பூட்டிக் கிடந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே என்று கோபமாகவும் இருந்தது.

“சொல்லுங்கம்மா. காரம்தானே?” அலுவலர் பேனாவைக் காரக் கட்டத்தின்மேல் வைத்துவிட்டார்.

“காரம் இருக்கு. ஆனா அதுக்கு மேல வேற ஒண்ணு இருக்கு. நாக்கு மரமரங்குது, கரண்ட் அடிச்ச மாதிரி. ஆறுல எதுவும் இல்ல சார்.”

“ஆறுல இல்லைன்னா, இல்லவே இல்லைம்மா.”

“இருக்கே. என் வாயிலதான் இருக்கு.”

அலுவலர் பொறுமையாக விளக்கினார். “காரம்னு டிக் போட்டுக்கலாம். அந்தத் தொலி மட்டும் எந்தக் கட்டத்துலயும் வராத பொருள். கட்டத்துல வராதது கலப்படம். அதை எடுத்துட்டு மிச்சத்தைப் பரிமாறட்டும்.”

மாஸ்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அதை எடுத்தா, அது வேற சாப்பாடு. மிளகாய்ச் சாறுல வெள்ளைக் கட்டி. யாரும் செய்யலாம். நான் எதுக்கு?”

நான் கையெழுத்துப் போடவில்லை. ஏறிப் பார்த்துவிட்டேன், இனி இல்லாததை எழுத என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கட்டத்தில் அடங்காத விஷயம் என்பதால் கோப்பு ஊர் சுற்றப் போனது. முதலில் பல் மருத்துவக் குழு. வாயை மரக்கவைப்பது எதுவானாலும் மயக்க மருந்து, ஆகவே வாடிக்கையாளர்கள் மருத்துவர் சீட்டோடு வரவேண்டும், மருந்து வீணாகாமல் இருக்கச் சாப்பிட்டதும் ஒரு பல்லாவது பிடுங்கிக்கொள்வது நல்லது என்று அவர்கள் எழுதினார்கள். கரண்ட் என்று நான் வாய் தவறிச் சொல்லித்தொலைத்ததால் மின்துறைக்கும் ஒரு நகல் போனது. இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். ஏணி எதற்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. டெஸ்டரைக் குழம்பில் செருகிப் பார்த்துவிட்டு, ‘மின்கசிவு இல்லை, இருந்தாலும் எர்த் கொடுத்துவிடுவது நல்லது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்டரின் மனைவி அன்றைக்கே எட்டு மேசைக்கும் பச்சை வயர் இழுத்துவிட்டாள்.

இப்படியே கெடுவில் ஐம்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு வாரியத் தலைவர் முன்னால் விசாரணை. நான் ஆறு கட்டத்தில் ஒன்றில் டிக் போட்டாக வேண்டும். இல்லையென்றால் கடைக்குச் சீல், என் உரிமமும் காலி.

“பேசாம ஒரு டிக்கைப் போட்டுட்டு வாயேன்” என்றார் என் வீட்டுக்காரர், வேன் சாவியைத் தேடிக்கொண்டே.

“ஏறிப் பாத்துட்டு எப்படிங்க பொய் எழுதறது?”

“எழுதமாட்டே, தெரியும். புருஷன்னு ஒருத்தன் சொல்லி வெக்கணுமேன்னு சொன்னேன்.” வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “அப்படி என்னதான் இருக்கு அதுல? சீல் வெக்கறதுக்குள்ள எனக்கும் ஒரு தட்டு வாங்கிக் குடு.”

தலைவரை வாரியத்தின் கீழ் வாசலிலேயே பார்த்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில், அன்று காலை கடையில் புதிதாக வாங்கிய மாதிரி டப்பா. விசாரணை நாளில் மட்டும் ஆவியாகாமல் இருப்பதற்காக டப்பா தலைவர் கையில்தான் இருக்க வேண்டும். காப்பாளரும் மாஸ்டரும் அவர் மனைவியும் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, நாமளும் படியில போயிடலாம். இந்த லிஃப்ட் சரியில்ல” என்றேன்.

அவர் உள்ளே ஏறிச் சான்றிதழைச் சுட்டிக்காட்டினார். “முழு நலம்னு போட்டிருக்கே. அடுத்த வருஷமும் நல்லா இருக்கும்னு இப்பவே பாத்துச் சொல்லியிருக்காங்க. எவ்வளவு முன்யோசனை!”

தெரிந்தே ஒருவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கூட ஏறினேன். நாலாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் இரண்டு தடவை உதறி நின்றது.

தலைவர் அவசரத் தொலைபேசியை எடுத்தார். குரல் எனக்கும் கேட்டது, வரவேற்பு மேசை அம்மாள்தான்.

“நான் தலைவர் பேசறேன். லிஃப்ட் நின்னுடுச்சு.”

“வணக்கங்கய்யா. மேல போகலைங்களா, கீழ வரலைங்களா?”

“ரெண்டும் இல்லம்மா. நடுவுல நிக்குது.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா. ரெண்டு டிக் போட்டா ரெண்டு லிஃப்ட் ஆயிடும்.”

நான் கருவிப் பையைத் திறந்தேன். தலைவர் கையை உயர்த்தினார்.

“அரசாங்க லிஃப்ட்டும்மா. படிவம் இல்லாம வெளியாள் தொடக்கூடாது.”

“சரிங்கய்யா.” பையை மூடிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நியாயமாக எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு குளிர்ந்துபோயிருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தலைவருடைய பகல் ரொட்டியும் வெந்நீரும் ஐந்தாவது மாடியில் ஆறிக்கொண்டிருந்தன. டப்பாவிலிருந்து வாசம் வர ஆரம்பித்தது. அவர் ஒரு மூலைக்குத் திரும்பி நின்றார். வாசம் அங்கேயும் போனது.

“எத்தனை வருஷமாங்கய்யா ரொட்டி?” என்று கேட்டேன்.

“இருபத்தாறு.” பெருமையாகத்தான் ஆரம்பித்தார். “இருபத்தாறு வருஷத்துல நாலாயிரம் பதார்த்தத்தை ஏத்துக்கிட்டிருக்கேன், எழுநூறைத் தள்ளியிருக்கேன். ஒண்ணைக்கூட வாயில வெச்சதில்ல. வெச்சிருந்தா இவ்வளவு தெளிவா முடிவெடுத்திருக்க முடியுமா? ருசி தெரிஞ்சவன் குழம்பிடுவான்மா.”

சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தார். “மாதிரி கெட்டுப்போச்சான்னு பாத்துடறேன்” என்றார். என் பையில் ஒரு கரண்டி இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

முதல் கரண்டி உள்ளே போனதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா இது? மறுபடி ஆடுது?”

“லிஃப்ட் இல்லீங்கய்யா. உங்க உதடு.”

இரண்டாவது கரண்டிக்குக் கண்ணை மூடினார். அப்புறம் நான் எண்ணவில்லை. கடைசியில் டப்பாவை விரலால் வழித்துவிட்டு, என் எதிரே அவரும் தரையில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, காரத்தால் என்று நினைத்தேன்.

“போன வாரம் என் சம்சாரம் கேட்டா, ‘என்னங்க சமைக்கட்டும்’னு. எதுன்னாலும் சரின்னேன். உடனே அழுதுட்டா. எதுக்கு அழறான்னு எனக்குப் புரியவே இல்ல” என்றார்.

ஐந்து நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதற்குள் அவர் எழுந்து சட்டையை நீவிக்கொண்டு மறுபடி தலைவராகிவிட்டார்.

“இதோ பாரும்மா, நீ காரம்னு டிக் போட்டுடு. அவர் பாட்டுக்கு அந்தத் தொலியைப் போட்டுக்கட்டும், எங்க ஆளுங்க கண்டுக்கமாட்டாங்க. கடையும் நடக்கும், உன் லைசென்சும் பிழைக்கும், படிவமும் கெடாது.”

“சாப்பிட்டுப் பாத்தீங்களே, அது வெறும் காரமா?”

“நான் எங்கம்மா சாப்பிட்டேன்?” என்றார், உதட்டைத் தொட்டுப் பார்த்தபடி.

“சரிங்கய்யா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த லிஃப்ட் இப்ப என்ன பண்ணுது?”

அவர் சான்றிதழைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், காலி டப்பாவைப் பார்த்தார். “நடுவுல நிக்குது” என்றார் மெதுவாக.

“அது போதும்.” படிவம் இல்லாமலே பையைத் திறந்து கதவுப் பூட்டை விடுவித்தேன். ஐந்தாம் மாடித் தரை எங்கள் இடுப்பு உயரத்தில் இருந்தது. முதலில் அவரை ஏற்றிவிட்டு, டப்பாவைக் கொடுத்து, பிறகு நான் ஏறினேன்.

விசாரணை அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். தலைவர் நின்றுகொண்டு பேசினார்.

“சுவை என்பது நாக்கில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. ஏழாவதாக ஒரு சுவை இருந்திருந்தால் படிவத்தை வகுத்தவர்கள் ஏழாவது கட்டம் போட்டிருப்பார்கள். போடவில்லை. அவர்கள் என்ன முட்டாள்களா? இன்றைக்கு ஏழு என்போம், நாளைக்கு எட்டு என்பார்கள். அப்புறம் ஆளாளுக்குத் தன் வாயில் தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தாளில் இடம் ஏது?” சுவை என்று சொல்லும்போதெல்லாம் அவர் கை தானாக உதட்டுக்குப் போய்வந்தது. “பொது நாக்கு டிக் போடலாம்.”

நான் மாஸ்டரையும் அவர் மனைவியையும் ஜன்னலோரம் கூட்டிப்போய், தலைவர் லிஃப்டில் சொன்னதை அப்படியே சொன்னேன். கடை அவர்களுடையது. நான் பாட்டுக்கு வீரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது.

“போட்டுடுங்க அக்கா” என்றாள் மனைவி உடனே. “கண்டுக்கமாட்டாங்கன்னா சரிதானே? கடை நடந்தாப் போதும்.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். சொற்களைத் தேட அவருக்கு நேரம் பிடித்தது. “நாளைக்கு வேற ஆள் வருவார். அவர் கண்டுப்பார். தினமும் நான் கதவைப் பார்த்துக்கிட்டே சமைக்கணும்.” மனைவி பக்கம் திரும்பினார். “என் சமையல்கட்டுல நான் திருடனா இருக்கமாட்டேன்.”

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்பச் சரி. உள்ளதை எழுதுங்க அக்கா. வர்றது வரட்டும்.”

மேசைக்குத் திரும்பி வந்தேன். தலைவர் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்து என் பென்சிலையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்தேன். ஆறாவது கட்டத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், கோணல் இல்லாமல் ஏழாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். மேலே ‘மரமரப்பு’ என்று எழுதி, உள்ளே டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். தாளில் இடம் தாராளமாக இருந்தது.

சுவை அலுவலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரோ “கட்டம் போட்டுட்டாங்க, கட்டம் போட்டுட்டாங்க” என்று வராந்தாவில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

“படிவத்தைச் சேதப்படுத்தியாச்சு!” தலைவர் மேசையைத் தட்டினார். “கடைக்குச் சீல்! மாதிரியைச் சபையில காட்டி ஆணையைப் பதிவு பண்ணுங்க.” இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

காப்பாளர் டப்பாவை மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை.

“ஐயா, உள்ள இருந்தது எங்க?” என்று கேட்டேன்.

தலைவரின் கை மறுபடி உதட்டுக்குப் போனது. பதினெட்டு வருஷத்தில் ஒரு விசாரணையிலும் பேசியிராத காப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தார்.

“விதிப்படி, மாதிரி இல்லாம சீல் வெக்க முடியாதுங்கய்யா. புது மாதிரி வாங்கி, புதுசா விசாரிக்கணும். அதுவரைக்கும் கடை நடக்கலாம். மாதிரி ஏன் இல்லைன்னு மட்டும் இப்பப் பதியணும்.” விரலால் வரியைத் தடவினார். “ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு ‘ஆவியானது’. இன்னொண்ணு ‘அதிகாரியால் உண்ணப்பட்டது’. எதுல டிக் போடட்டுங்கய்யா?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு எண்ணெய்ச் சொட்டு.

“ஆவியானது” என்றார்.

“பாதியாங்கய்யா?”

“முழுசா.”

“ஆமாங்கய்யா, டப்பாவை வழிச்சு ஆவியாகியிருக்கு” என்று சொல்லிக்கொண்டே காப்பாளர் டிக் போட்டார். தொழில் தெரிந்தவர் பாராட்டுகிற குரல் அது. மாஸ்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

மூன்றாம் நாள் கடை திறந்தது. முதல் தட்டு என் வீட்டுக்காரருக்கு. சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டு கேட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை. மாதம் ஒருமுறை வாரியத்திலிருந்து புது மாதிரி கேட்டு ஆள் வருகிறது. அது தலைவர் அறைக்குப் போகிறது, முழுசாக ஆவியாகிறது, விசாரணை தள்ளிப்போகிறது. முன்பு ஒரு டப்பா கேட்டார்கள். இப்போது இரண்டு கேட்கிறார்கள், ஒன்று வீட்டுக்கு எடுத்துப்போக வசதியான மூடியோடு.

படிவத்தைச் சேதப்படுத்தியதற்காக என் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதே வாரம் லிஃப்டைச் சரிபார்க்க வரச்சொல்லி ஆளும் அனுப்பினார்கள். உரிமம் இல்லாதவள் அரசாங்க லிஃப்டைத் தொட மாட்டாள் என்று பதில் சொல்லி அனுப்பினேன். அது இன்னும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் நிற்கிறது. பதிவேட்டின்படி மேலே போய்க்கொண்டிருக்கிறது.

நேற்று இன்னொரு பழுப்பு உறை வந்தது. என் நாக்கு பொதுப்பணியிலிருந்து நீக்கப்பட்டதாம். அடையாள அட்டையை உடனே திருப்பித் தர வேண்டுமாம். உடன் ஒரு படிவமும் இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ‘ஒப்படைத்துவிட்டேன்.’ ‘தொலைத்துவிட்டேன்.’

பென்சிலைச் சீவிக்கொண்டேன். ஸ்கேலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். மேலே ‘தரமாட்டேன்’ என்று எழுதினேன். டிக் போட்டேன்.